வாசல்ல குழாய் இருக்கு, தண்ணிதான் வரல, என்ன பண்றது?

கடைசிவீடு:
ராமநாதபுரம் மாவட்டம்ங்க. ஜல் ஜீவன் குடிநீர்த் திட்டத்துல குழாய் போட்டு ரெண்டு வருஷமாச்சு, நாங்க லைன்ல கடைசி வீடு, முன்னாடி வீடுகள்ல மோட்டார் வச்சு உறிஞ்சிடுறதால எங்களுக்கு நூல் மாதிரிதான் வருது, ஒரு குடம் நிரம்ப முக்கால் மணி நேரம் ஆகுது. அம்மா இன்னும் தள்ளுவண்டில குடம் அடுக்கிட்டு ஊத்துக்குத்தான் போறாங்க, முட்டி வீங்கிக் கிடக்கு, பாக்க முடியல.

வைகைக்கரை:
திட்டப்படி ஆளுக்கு நாளைக்கு 55 லிட்டர் வரணும், குழாய் மாட்டுனதோட முடிஞ்சு போகாது. மார்ச் 22 கிராம சபைல மனு குடுத்து தீர்மானமா எழுத வைங்க. எங்க ஊர்ல தெருவுக்கு ஒரு கேட் வால்வு போட்டு முறை வச்சு விடுறாங்க, கடைசித் தெருவுக்குத்தான் முதல்ல. அதுக்கப்புறம் சண்டையே இல்ல.

மழைத்தொட்டி:
அதோட மாடித் தண்ணியையும் புடிங்க. 500 சதுர அடி மாடில 1 செ.மீ. மழைக்கே 400 லிட்டர் கிடைக்கும். முதல் மழைய மட்டும் வெளிய விட்டுருங்க, தூசி, காக்கா எச்சம் எல்லாம் அதுல போயிரும். தொட்டில வெயில் படக்கூடாது, பாசி புடிக்கும்.

கடைசிவீடு:
எங்களது ஓட்டு வீடுண்ணே, தகரத்துல தூம்பு வச்சா சரியா வருமா?

மழைத்தொட்டி:
தாராளமா வரும், தொட்டி வாயில வெள்ளை வேட்டித் துணிய கட்டிருங்க, குடிக்கிறதுக்கு மட்டும் காய்ச்சிக்கங்க.