35 நாள் மாதவிடாய் வட்டமெண்டால் சூல் (பெண்ணின்ரை முட்டை) எந்த நாளிலை வெளியேறும்?

விஞ்ஞான ஆசிரியை, ஒட்டுசுட்டான்:
வணக்கம். ஓ.எல். பிள்ளையளுக்கு இனப்பெருக்கத் தொகுதி படிப்பிக்கிறன். 28 நாள் வட்டம், 14ஆம் நாள் சூல் வெளியேற்றம் எண்டுதான் எல்லாக் குறிப்பிலையும் இருக்கு. வட்டம் 35 நாளெண்டால் பாதியாப் பிரிச்சு 17ஆம் நாளோ எண்டு பிள்ளையள் கேக்கினம். மற்றது, படத்திலை சூலகமும் பலோப்பியன் குழாயும் ஒட்டினமாதிரி இருக்கு. உண்மையிலையும் அப்பிடியோ? தெரிஞ்ச ஆக்கள் விளங்கப்படுத்துங்கோ.

குடும்பநல உத்தியோகத்தர், கண்டாவளை:
பாதியாப் பிரிக்கக்கூடாது ரீச்சர். பின்னாலையிருந்து எண்ணவேணும். வட்டத்தின்ரை கடைசி நாளிலையிருந்து, அதாவது அடுத்த மாதவிடாய்க்கு முதல்நாளிலையிருந்து, ஏறத்தாழ 14 நாள் பின்னுக்குப் போங்கோ. 35 நாள் வட்டத்துக்கு 21ஆம் நாள் வரும். இரண்டு மூண்டு நாள் முன்னபின்ன இருக்கலாம்.

சூல் முதிருற சின்னப் பையைப் புடைப்பு எண்டு சொல்லுறது. சூல் வெளியேறின கையோடை அந்தப் புடைப்பு மஞ்சட் சடலமா மாறிப் புரோஜெஸ்தரோன் எண்ட ஓமோனைச் சுரக்கும். கரு தங்காட்டி அது இரண்டு கிழமையளவிலை சுருங்கிப்போகும். ஓமோன் விழ, கருப்பையின்ரை உட்படை கழண்டு வரும். அதாலை பின்பாதி பெரிசா மாறாது. நீளுறதும் குறுகுறதும் முன்பாதி, அதாவது புடைப்பு முதிர எடுக்கிற காலம். காய்ச்சல், மனக்கவலை, திடீரெண்டு மெலியிறது எல்லாம் இந்தப் பகுதியைத்தான் இழுத்தடிக்கும்.

21 நாள் வட்டக்காரருக்கு 7ஆம் நாளிலேயே சூல் வரலாம். சூல் 12 முதல் 24 மணித்தியாலம்தான் உயிரோடை இருக்கும், விந்தணு உள்ளுக்கை 5 நாள் வரை தாங்கும். நாள் எண்ணிக் கரு தங்காமல் தப்பலாமெண்டு நம்பிறவை ஏமாறுறது இதிலைதான்.

உடம்பு காட்டிற அடையாளம்: சூல் வாற நாளை அண்டி வெள்ளைபடுறது முட்டை வெள்ளைக்கருமாதிரித் தெளிவா இருக்கும், விரலிடையிலை இழுபடும். காலமை படுக்கையாலை எழும்ப முன்னம் பார்த்தால் உடல்வெப்பநிலை 0.3 முதல் 0.5 பாகை செல்சியஸ் வரை கூடியிருக்கும். ஆனால் சூல் போனபிறகுதான் அது ஏறும், முன்கூட்டிச் சொல்லாது.

மகப்பேற்று விடுதித் தாதி, கிளிநொச்சி:
இரண்டாவது கேள்விக்கு: ஒட்டியில்லை. சூலகத்தைக் கருப்பையோடு பிணைப்பது ஒரு நார். குழாயின் முனை வயிற்றறைக்குள் திறந்தே கிடக்கிறது. அதன் விரல் போன்ற விளிம்புகள் சூலகத்தின் மேல் தடவி, 0.1 மில்லிமீற்றர் அளவான சூலை உள்ளே எடுக்கும். ஒரு பக்கச் சூலை மறுபக்கக் குழாய் எடுப்பதும் உண்டு. குழாய் 10 முதல் 12 சென்ரிமீற்றர் நீளம். கருக்கட்டல் நடப்பது அதன் அகன்ற பகுதியில், கருப்பையில் அல்ல. குழாயின் உள்ளே மயிர் போன்ற பிசிர்களும் தசையும் தள்ள, கரு 3, 4 நாளில் கருப்பைக்கு வரும். 6, 7ஆம் நாளளவில் உட்படையில் பதியத் தொடங்கும்.

கிருமித்தொற்றால் பிசிர்கள் அழிந்தால் கரு வழியில் சிக்கிக் குழாயிலேயே வளரலாம். அப்படி வளர்ந்தால் சில கிழமைகளில் குழாய் வெடிக்கலாம். மாதவிடாய் தள்ளிப்போனவருக்கு அடிவயிற்றில் ஒரு பக்க நோவு, தோள்மூட்டு நோவு, தலைச்சுற்று வந்தால் விடியும்வரை காத்திருக்க வேண்டாம். உடனே 1990 அம்புலன்சுக்கு அழையுங்கள். உட்கிராமங்களிலிருந்து கிளிநொச்சி ஆசுப்பத்திரிக்கோ முல்லைத்தீவு மாஞ்சோலை ஆசுப்பத்திரிக்கோ வந்துசேரவே நேரம் பிடிக்கும். சத்திரசிகிச்சை தேவைப்படலாம், அதனால் தேத்தண்ணிகூடக் கொடுக்காதீர்கள்.

வகுப்பில் பக்கவாட்டுப் படமும் கீறுங்கள். 7, 8 சென்ரிமீற்றர் நீளமான கருப்பை பெரும்பாலானோரில் முன்னுக்குச் சரிந்து சிறுநீர்ப்பையின் மேல் படுத்திருக்கும், பின்னால் மலக்குடல். சிறுநீர் வழி வேறு, யோனி வேறு என்பது அந்தப் படத்தில்தான் தெளிவாகும். கலியாணம் முடித்தவர்களே இதைக் கேட்கிறார்கள், பள்ளிக்கூடத்தில் சொன்னால் எவ்வளவு நல்லது.

ஆசிரியை:
பெரிய உதவி. சாமத்தியப்பட்டு ஒரு வருசமான பிள்ளையளுக்கு ஒழுங்கில்லாமல் வாறது?

குடும்பநல உத்தியோகத்தர்:
முதல் இரண்டு மூண்டு வருசம் சூல் வெளியேறாமலே இரத்தம் போற வட்டங்கள் கனக்க. 21 முதல் 45 நாள் வரை பயமில்லை. மூண்டு மாசத்துக்கு மேலை வராமல் விட்டாலோ, இரத்தம் போறது 7 நாளுக்கு மேலை நீண்டாலோ, மணித்தியாலத்துக்கு ஒரு பாட் நனைஞ்சாலோ கட்டாயம் கிளினிக்குக்கு அனுப்புங்கோ. 15 வயசாகியும் சாமத்தியப்படாட்டியும் அப்பிடித்தான்.

ஒருமுறைக்குப் போற இரத்தம் சாதாரணமா 30, 40 மில்லிலீற்றர்தான். 80ஐத் தாண்டினால் இரும்புச்சத்துக் குறையும். உழுத்தங்களியும் நல்லெண்ணெயும் குடுக்கட்டும், ஆனால் அதை மட்டும் நம்பக்கூடாது. நெத்தலி, ஈரல், தேசிக்காய்ப்புளி விட்ட முருங்கையிலை எல்லாம் சேரவேணும். சோறு திண்ட கையோடை தேத்தண்ணி குடிச்சால் இரும்பு உடம்பிலை சேருறது குறையும், ஒரு மணித்தியாலமாவது கழியட்டும்.