சிவப்புக் கோடு எல்லாம் முதல் வேலை இல்ல

சித்தப்பா: [படம்] இதைப் பாருங்க. 1990லேர்ந்து 2018 வரை நம்ம நாட்டுக் கடற்கரை எவ்வளவு நகர்ந்திருக்குன்னு தேசியக் கடலோர ஆராய்ச்சி மையம் கணக்கெடுத்தது. சிவப்புன்னா அரிப்பு, பச்சைன்னா மணல் சேர்ந்த இடம். மூணுல ஒரு பங்கு சிவப்பு!!

அத்தை: பச்சையும் நிறைய இருக்கே, அது எப்படி?

நான்: கரையை ஒட்டி மணல் ஓடிக்கிட்டே இருக்கும் அத்தை. தமிழ்நாட்டுப் பக்கம் மொத்தத்துல தெற்கேர்ந்து வடக்கே. நடுவுல துறைமுகச் சுவர் வந்தா தெற்குல குவியும், வடக்குல பஞ்சம். மெரினா இவ்வளவு அகலமானது சென்னைத் துறைமுகம் வந்ததுக்கு அப்புறம்தான். அதே துறைமுகத்துக்கு வடக்கே ராயபுரம் பக்கம் கல்சுவர்.

சித்தப்பா: அதைத்தான் சொல்றேன். சிவப்பு இருக்கிற இடமெல்லாம் கல்லைக் கொட்டிட்டா வேலை முடிஞ்சுது. இதுக்கு எதுக்கு ஆராய்ச்சி?

அண்ணன்: சித்தப்பாவுக்குக் கல் குவாரி எதுவும் இருக்கா 😄

நான்: கொட்டினா அந்த இடம் நிக்கும், அடுத்த ஊர் சிவப்பாகும். அதோட ஒரு செயற்கைக்கோள் படத்தை வச்சு சிவப்புன்னு முடிவு பண்ணவும் கூடாது. கரை 50 மீட்டருக்கு 1 மீட்டர் சரிவுன்னு வைங்க. ஓதத்துல, அதாவது கடல் தினமும் ஏறி இறங்கறதுல, தண்ணி 1 மீட்டர் ஏறினாலே கோடு 50 மீட்டர் உள்ள வந்துடும். ஒரு வருஷப் படம் ஏற்றத்துலயும் இன்னொண்ணு வற்றத்துலயும் எடுத்திருந்தா, ஒரு பிடி மணல்கூடப் போகாமலே கரை போயிட்டதாத் தெரியும்.

நான்: புயலுக்கு மறுநாள் எடுத்த படமும் அப்படித்தான். போன மணல்ல நிறைய, கடல் அமைதியானதும் திரும்பி வரும். அதனால ஒரே பருவத்துப் படங்களா பல வருஷத்துக்கு எடுத்து, ஓதத்தைத் திருத்தி, கரைக்குக் குறுக்கே கோடு கோடாப் போட்டு, ஒவ்வொரு கோட்டுலயும் வருஷத்துக்கு எத்தனை மீட்டர்னு பார்க்கணும். லேண்ட்சாட் செயற்கைக்கோள் படத்துல ஒரு புள்ளியே 30 மீட்டர். அரை மீட்டர் அரிப்பை ரெண்டு படத்துல கண்டுபிடிக்க முடியாது.

சித்தப்பா: சரி, திருத்தியாச்சு. அப்புறம் அதிகச் சிவப்புதானே முதல்ல?

நான்: இல்ல. ஒரு இடத்துல வருஷத்துக்கு 3 மீட்டர் போகுது, பின்னாடி 200 மீட்டர் மணல் மேடு. இன்னொரு இடத்துல 1 மீட்டர்தான், ஆனா 15 மீட்டர்ல ரோடு. எது அவசரம்?

அண்ணன்: ரோடு. 15 வருஷம்தான். அங்க 60க்கு மேல.

நான்: அதே. மணல் மேட்டுல மணலைப் பிடிச்சு வைக்கிற அடப்பங்கொடி இருந்தா அதைப் பிடுங்காம, புதுசா கட்டடம் வராமப் பார்த்துக்கிட்டாலே இப்போதைக்குப் போதும்.

அத்தை: ஒண்ணு கேக்கறேன். அந்த 200 மீட்டர் காலியா இருக்குன்னு யார் சொன்னா? அங்கதான் படகு ஏத்துவாங்க, வலை காயப்போடுவாங்க. மேல இருந்து பார்த்தா வெறும் மணல்தான் தெரியும்.

நான்: இதைத்தான் வரைபடம் போடறவங்க அடிக்கடி விட்டுடறாங்க அத்தை. வீடு, ரோடு, கிணறு எல்லாம் தனி அடுக்கா ஏத்துறாங்க. படகுத்துறை, வலைக்களம், ஆமை முட்டையிடற இடம் எல்லாம் கரையில போய்க் கேட்டாத்தான் வரும். அதை ஏத்தாம கல்லைக் கொட்டினா ரோடு தப்பிக்கும், படகு ஏத்த இடம் இருக்காது.

அண்ணன்: அப்போ கரையிலேர்ந்து கடலுக்குள்ள நீட்டிக் கல்லுல கட்டறாங்களே, அந்தத் தூண்டில் வளைவு?

நான்: அதுவும் மணலைப் பிடிச்சு வைக்கறதுதான். வளைவுக்கு இந்தப் பக்கம் சேரும், அந்தப் பக்கம் குறையும். பாண்டிச்சேரியில 2018 வாக்குல கடலுக்குள்ளயே ஆப்பு மாதிரி ஒரு இரும்புத் திட்டு இறக்கினாங்க. அலை வேகம் குறைஞ்சு கொஞ்சம் கரை திரும்பி வந்துது.

சித்தப்பா: துறைமுகத்துக்குத் தெற்குல குவிஞ்சதை அள்ளி வடக்குல போட்டா?

நான்: சூப்பர் சித்தப்பா, பல இடத்துல சரியான வழியே அதுதான். ஆனா ஒரு தடவை போட்டா போதாது, திரும்பத் திரும்பப் போடணும். மணல் பொடியா இருந்தாலும் நிக்காது. அங்க ஏற்கெனவே இருக்கிற மணல் அளவு பருமனாவது வேணும்.

அண்ணன்: கல் ஆர்டர் கேன்சலா?

சித்தப்பா: ரோடு பக்கம் மட்டும் கொட்டிக்கறேன்டா.

நான்: கொட்டலாம். கல் முடியற இடத்துக்கு அடுத்தாப்ல யார் வீடு இருக்குன்னு அதே வரைபடத்துல முதல்ல பார்த்துடுங்க.