ஸ்விங் விங்குக்குத் தமிழ்: ‘ஒடுங்குசிறகு’ என்று வைத்துக்கொள்ளலாமா?

எல்லோருக்கும் வணக்கம்,

விமானம் கட்டிப் பறக்கவிடும் சிம்பிள்பிளேன்ஸ் கணினி விளையாட்டில் சோவியத் குண்டுவீச்சு விமானமான சுகோய் சூ-24 கட்டுவதற்கு நாம் எழுதிவரும் தமிழ்க் கையேட்டில் உடற்பகுதியும் விமானி அறையும் முடிந்துவிட்டன. அடுத்தது இறக்கை, பறக்கும்போதே பின்னால் சாயும் அந்த ‘ஸ்விங் விங்’ இறக்கைக்குத் தமிழில் என்ன பெயர் என்பதில்தான் நின்றுபோயிருக்கிறோம். இந்த இழையில் வந்த மடல்களை எல்லாம் வாசித்தேன். மாறுவடிவ இறக்கை, மடக்கு இறக்கை, ஊசல் இறக்கை, கணைச்சாய் இறக்கை என்று ஆளுக்கு ஒன்று சொல்லியிருக்கிறீர்கள், ‘ஸ்விங் விங் என்றே விட்டுவிடுங்கள், எல்லோருக்கும் புரியும்’ என்ற மடலும் இருக்கிறது. என் முன்மொழிவு ‘ஒடுங்குசிறகு’. இதற்கான காரணத்தைக் கொஞ்சம் நீளமாகவே எழுதுகிறேன், ஏனென்றால் இந்த ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டுதான் அடுத்த பகுதியில் வரும் மற்ற சொற்கள் எல்லாம் அமையும், இது கோணினால் எல்லாமே கோணிவிடும்.

முதலில் அந்த இறக்கை என்ன செய்கிறது என்று பார்த்துவிடலாம். சூ-24 தரையிலிருந்து கிளம்பும்போதும் இறங்கும்போதும் இறக்கை 16 பாகைச் சாய்வில், கிட்டத்தட்ட நேராக நீட்டிக்கொண்டு நிற்கும். அப்போது ஒரு நுனியிலிருந்து மறு நுனிக்கு 17.64 மீட்டர். பயணத்தின்போது 35, வளைந்து திரும்ப 45, தரையை ஒட்டி வேகமாகப் போகும்போது 69. 69-க்கு வந்துவிட்டால் அதே அகலம் 10.37 மீட்டராகச் சுருங்கிவிடுகிறது. ஓடுபாதை குட்டையாக இருந்தாலும் பாரத்தோடு எழும்ப அகன்ற இறக்கை வேண்டும், தாழப் பறக்கும்போது காற்றின் குலுக்கலைத் தாங்கி வேகமெடுக்கக் குறுகிய இறக்கை வேண்டும், இரண்டும் ஒரே விமானத்தில் வேண்டும் என்பதுதான் சோவியத் படையின் கேட்பு. சுகோய் பணியகம் இதற்கு முதலில் கண்ட வழி வேறு. 1967 ஜூலை 2-ஆம் தேதி பறந்த டி-6-1 முன்மாதிரியில் அசையாத முக்கோண இறக்கைதான், எழும்புவதற்கு உதவியாக உடலுக்குள் நான்கு தூக்கு எஞ்சின்களைச் செங்குத்தாக நிறுத்தியிருந்தார்கள். எரிபொருளும் குண்டும் போகவேண்டிய இடத்தை அவை அடைத்துக்கொண்டன. அதைக் கைவிட்டு, அசையும் இறக்கையோடு டி-6-2I என்ற அடுத்த முன்மாதிரி 1970 ஜனவரி 17-இல் பறந்தது. இரண்டையும் முதலில் ஓட்டியவர் விளாதிமிர் இல்யூஷின், விமான வடிவமைப்பாளர் செர்கேய் இல்யூஷினின் மகன்.

இனி முன்மொழிவுகளுக்கு வருகிறேன்.

மாறுவடிவ இறக்கை. கேட்க நன்றாக இருக்கிறது, பாடநூல் சொல் போலவும் இருக்கிறது. ஆனால் ஃபிளாப்பை இறக்கினாலும் இறக்கையின் வடிவம் மாறத்தான் செய்கிறது, முன்விளிம்பில் ஸ்லாட் திறந்தாலும் மாறுகிறது. (ஃபிளாப், ஸ்லாட், ஸ்பாய்லர் என்ற இறக்கையின் அசையும் தகடுகள் மூன்றையும் இப்போதைக்கு அப்படியே எழுதுகிறேன், அவற்றுக்குத் தனி இழை போடலாம்.) அதுவும் போக, வடிவம் மாறுகிற உறுப்பு இறக்கை மட்டும் இல்லை. இதே வகை இறக்கை கொண்ட மிக்-23-இல் எஞ்சினுக்குக் காற்று போகும் நுழைவாயிலும் நகரும் தகடுகள் உண்டு, அதே உடலிலிருந்து பிறந்த தாக்குதல் விமானமான மிக்-27-இல் அந்தத் தகடுகளை எடுத்துவிட்டு நுழைவாயை நிலையாக்கிவிட்டார்கள். நாளைக்கு யாராவது மிக்-27 கட்ட உட்கார்ந்தால் ‘இதில் மாறுவடிவம் உண்டு, மாறுவடிவம் இல்லை’ என்று ஒரே பத்தியில் எழுத வேண்டிவரும். எது மாறுகிறது, எப்படி மாறுகிறது என்று சொல்லாத பெயர் கட்டுகிறவருக்கு உதவாது.

மடக்கு இறக்கையை நான் ஒத்துக்கொள்ளவே மாட்டேன். விக்ரமாதித்யா விமானந்தாங்கிக் கப்பலின் தளத்தில் நிற்கும் மிக்-29கே படத்தைப் பாருங்கள், இறக்கையின் வெளிப்பாதி மேல்நோக்கி மடங்கி நிற்கும். இடத்தை மிச்சம் பிடிக்கத்தான் அந்த ஏற்பாடு, பறக்கும்போது அது மடங்காது. மடக்கு என்ற சொல்லுக்கு உரியது அந்த இறக்கை, அதைப் பிடுங்கி இதற்குக் கொடுத்தால் பிறகு கப்பல் விமானத்துக்கு என்ன செய்வது? ஊசல் இறக்கை வேண்டாம் என்பதற்கு அதிகம் சொல்லத் தேவையில்லை, ஊசல் முன்னும் பின்னும் ஆடிக்கொண்டே இருக்கும், இந்த இறக்கை விமானி சொன்ன கோணத்தில் போய் நிற்கும்.

கணைச்சாய் இறக்கை எனக்கு உண்மையிலேயே பிடித்தது. ரஷ்ய மொழியில் இறக்கையின் பின்சாய்வுக்கு ‘ஸ்த்ரெலவீத்னஸ்த்’ என்கிறார்கள், ஸ்த்ரெலா என்றால் அம்பு, ஆக அம்பு போன்றிருக்கும் தன்மை என்று பொருள். அதை எடுத்துக்காட்டிய ஐயாவுக்கு நன்றி. ஆனால் அது ஒரு நிலையைச் சொல்கிறது, அசைவைச் சொல்லவில்லை. மிக்-15-இன் இறக்கையும் பின்சாய்ந்ததுதான், கடைசிவரை 35 பாகையிலேயே நிற்கும். அம்போடு ‘மாறு’ என்பதையும் சேர்த்து ‘மாறு கணைச்சாய் இறக்கை’ என்று வைத்தால், வாக்கியத்துக்கு வாக்கியம் அதைச் சுமக்க முடியாது. அசைவும் வேண்டும், சுருக்கமாகவும் வேண்டும்.

பறவை சிறகை விரிக்கிறது, சிறகை ஒடுக்குகிறது. இந்த இரண்டு வினையும் தமிழில் காலங்காலமாக இருப்பவை, யாரும் புதிதாகக் கற்கவேண்டியதில்லை. இரைமேல் பாயும் பருந்து என்ன செய்கிறதோ அதைத்தான் 69 பாகைக்கு இறக்கையைக் கொண்டுபோகும் சூ-24 செய்கிறது. ஒடுங்குசிறகு என்பது வினைத்தொகை, ஒடுங்கிய, ஒடுங்குகிற, ஒடுங்கும் என்று மூன்று காலத்துக்கும் பொருந்தும், அசையக்கூடிய ஓர் உறுப்புக்கு இதைவிடப் பொருத்தமான இலக்கணம் கிடைக்காது. (வினைத்தொகை என்பதால் வல்லினம் மிகாது, ‘ஒடுங்குச்சிறகு’ என்று தயவுசெய்து யாரும் எழுதிவிட வேண்டாம்.) இறக்கை என்ற சொல்லையே வைத்துக்கொள்வோம் என்றால் ஒடுங்கிறக்கை என்று புணர்ந்துவிடுகிறது, முதல் வாசிப்பில் எங்கே பிரிப்பது என்று தெரியாது. பொதுவாக இறக்கை என்றே எழுதுவோம், இந்த வகைக்கு மட்டும் சிறகு இருக்கட்டும்.

இந்தச் சொல்லிலிருந்து மற்றவை தாமாக வருகின்றன. 16 பாகை விரிநிலை, 69 பாகை ஒடுங்குநிலை, நடுவில் இருக்கும் இரண்டையும் எண்ணால் சொன்னாலே போதும். செயலுக்கு ஒடுக்கம். பின்சாய்வு என்பதை எல்லா விமானத்துக்கும் பொதுவான கோணப் பெயராக விட்டுவிடலாம். ‘ஒடுக்கத்தின்போது பின்சாய்வு 16-லிருந்து 69-க்கு மாறும்’ என்று எழுதிப்பாருங்கள், குழப்பமே இல்லை. சூ-17-இல் இறக்கையின் வெளிப்பாதி மட்டுமே அசையும், உட்பாதி உடலோடு நிலையாக நிற்கும், சக்கரங்கள் அந்த உட்பாதிக்குள் அடங்கும். அதற்கு ‘நுனி ஒடுங்குசிறகு’ என்று ஒரு முன்னொட்டுச் சேர்த்தால் முடிந்தது.

ஒரு மறுப்பு வந்தது, அது நியாயமானது. வண்டியிலோ பாத்திரத்திலோ அடிபட்டு நசுங்கிய இடத்தைப் பேச்சில் ஒடுக்கு என்கிறோம், ‘சிறகில் ஒடுக்கு’ என்று எழுதினால் பட்டறைக்குக் கொண்டுபோக வேண்டிய விஷயம்போலத்தான் படும். ஆகவே ‘ஒடுக்கு’ என்று தனிப் பெயர்ச்சொல்லாக எங்குமே எழுதக்கூடாது, பெயராக வரும்போது ஒடுக்கம், வினையாக வரும்போது ஒடுங்கு, ஒடுக்கு என்று ஒரு விதி வைத்துக்கொள்வோம். ஒடுக்குமுறையை நினைவூட்டுகிறது என்ற மறுப்பை நான் அவ்வளவு பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை, சிறகு என்று பக்கத்தில் வந்துவிட்டால் அந்தப் பொருள் யாருக்கும் தோன்றாது.

அடுத்து, இறக்கை எதைப் பற்றிக்கொண்டு சுழல்கிறது? கீல் என்று இரண்டு பேர் எழுதியிருந்தீர்கள். கீல் என்பது இரண்டு பலகையை இணைத்து மடக்கும் தகடு. இங்கே இருப்பது ஒரே ஒரு தடித்த முளை, இறக்கையின் முழுச் சுமையும் அதன் வழியாகத்தான் உடலுக்கு இறங்குகிறது. பழைய வீட்டுக் கதவுகளில் கீல் இருக்காது, கதவின் மேல்மூலையிலும் கீழ்மூலையிலும் ஒரு முளை நீட்டிக்கொண்டிருக்கும், அது நிலையில் உள்ள குழியில் உட்கார்ந்து சுழலும். தச்சர்கள் அதைக் குடுமி என்பார்கள். நமக்கு வேண்டிய சொல் அதுதான், ‘சிறகுக் குடுமி’. குடுமி உட்கார்ந்திருக்கும் அசையாத முன்பகுதி இருக்கிறதே, உடலிலிருந்து கொஞ்சம் வெளியே நீட்டிக்கொண்டு, அதற்குத் ‘தோள்’ என்று சொல்லலாம்.

இந்தத் தோள் ஏன் இருக்கிறது என்பதைக் கையேட்டில் விட்டுவிடக்கூடாது. இறக்கை பின்னால் போனால் தூக்குவிசையின் மையமும் பின்னால் போகும், மூக்கு கீழே அழுந்தும். 1951-இல் பறந்த அமெரிக்கச் சோதனை விமானமான பெல் எக்ஸ்-5-இல் இதைச் சரிக்கட்ட, இறக்கை ஒடுங்க ஒடுங்க அதன் அடிப்பகுதியையே தண்டவாளம் போன்ற ஒன்றில் முன்னால் நகர்த்தினார்கள். பாரமான ஏற்பாடு. குடுமியை உடலின் நடுவில் வைக்காமல் வெளியே தள்ளிவைத்து, உட்பகுதியை அசையாத தோளாக விட்டுவிட்டால் மையம் அவ்வளவு தூரம் நகராது என்று பிறகு கண்டுகொண்டார்கள், அமெரிக்காவின் எஃப்-111-உம் நம் சூ-24-உம் அந்த வழியில் வந்தவைதான்.

விளையாட்டிலும் இதே தலைவலி அப்படியே வரும். வடிவமைப்புத் திரையில் நிறைமையத்தைக் காட்டும் சிவப்புப் பந்தும் தூக்குமையத்தைக் காட்டும் நீலப் பந்தும் நீங்கள் கட்டிவைத்த நிலையை மட்டும்தான் காட்டும். விரிநிலையில் கட்டிவிட்டு எல்லாம் சரி என்று பறக்கவிட்டால், ஒடுங்கியதும் மூக்கு குத்திக்கொண்டு போகும். இறக்கையை 69 பாகையில் கையால் திருப்பிவைத்து விமானத்தின் இன்னொரு பிரதியைச் சேமியுங்கள், அதில் நீலப் பந்து எங்கே போகிறது என்று பாருங்கள், குடுமியை வெளியே தள்ளுவதா உள்ளே இழுப்பதா என்பது அப்போதுதான் தெரியும். மிச்சத்தை வாலின் டிரிம்மில் (மூக்கின் ஏற்ற இறக்கத்தைச் சிறிது சிறிதாகத் திருத்தும் அமைப்பில்) சரிசெய்யலாம்.

விளையாட்டில் இறக்கையைத் திருப்பும் பாகமான சுழலியின் கோணம் 53, அதாவது 69-இல் 16 போக மீதி. அதை இயக்கும் திரையிலுள்ள சறுக்குப் பட்டை (ஸ்லைடர்) இரண்டு பக்கமும் நகரும் என்பதால், அதன் ஒரு பாதியை மட்டும் எடுத்துக்கொள்ளும்படி சூத்திரத்தில் கட்டுப்படுத்த வேண்டும், இல்லாவிட்டால் பட்டையை எதிர்ப்பக்கம் தள்ளியதும் இறக்கை முன்னோக்கிப் போய்விடும். தோளுக்குள் இறக்கையின் அடி நுழையும் இடத்தில் பாகங்கள் ஒன்றோடொன்று மோதித் தெறிக்கும், மோதலை அணைத்துவிடுங்கள்.

இனி நான் முடிவெடுக்க முடியாமல் நிற்கும் இடம். சூ-24-இன் அசையும் இறக்கைக்கு அடியில் ஆயுதம் தொங்கவிடும் தாங்கி இருக்கிறது. இறக்கை பின்னால் போகும்போது தாங்கி அதே அளவு எதிர்ப்பக்கம் சுழன்று, குண்டின் மூக்கு எப்போதும் விமானம் போகும் திசையையே பார்க்கும்படி நிற்கும். மிக்-23-இல் அசையும் இறக்கைக்கு அடியில் எரிபொருள் கலம் மாட்டும் தாங்கி சுழலாது, ஆகவே கலத்தைக் கழற்றி எறிந்த பிறகுதான் இறக்கையை ஒடுக்க முடியும். கட்டுகிறவர்கள் பெரும்பாலும் விட்டுவிடும் நுணுக்கம் இந்தச் சுழலும் தாங்கிதான், பார்க்கிறவர்கள் முதலில் கவனிப்பதும் அதுதான். தாங்கியின் சுழலிக்கு இறக்கைச் சுழலியின் அதே வேகத்தைக் கொடுக்க வேண்டும், கொஞ்சம் வேறுபட்டாலும் தொடக்கத்திலும் முடிவிலும் நேராக இருந்துவிட்டு நடுவழியில் குண்டு கோணலாகத் திரும்பி நிற்கும்.

இதற்கு ‘எதிர்சுழல் தாங்கி’ என்று எழுதிவைத்திருக்கிறேன், ‘திசைகாக்கும் தாங்கி’ என்பதும் மனதில் இருக்கிறது. முதலாவது எப்படி அசைகிறது என்று சொல்கிறது, இரண்டாவது எதற்காக அசைகிறது என்று சொல்கிறது. இறக்கைக்கு அசைவைச் சொல்லும் பெயர்தான் வேண்டும் என்று மேலே அவ்வளவு வாதாடியிருக்கிறேன், அந்தக் கணக்கில் எதிர்சுழல்தான் வரவேண்டும், ஆனால் எதிரெதிர்த் திசையில் சுழலும் இரட்டை விசிறிகளுக்கும் எதிர்சுழல் என்று ஏற்கெனவே பழைய இழை ஒன்றில் பயன்படுத்தியிருக்கிறோம். நீங்கள் என்ன நினைக்கிறீர்கள்? விசிறியின் பெயரை மாற்றலாம் என்றாலும் எனக்குச் சம்மதமே.

ஒடுங்குசிறகு, ஒடுக்கம், குடுமி, தோள் நான்குக்கும் மறுப்பு இருந்தால் இந்த மடலுக்கே பதிலாக எழுதுங்கள். மறுப்பு இல்லையென்றால் இவற்றை வைத்தே இறக்கைப் பகுதியை எழுதி வார இறுதியில் அனுப்புகிறேன், தாங்கியின் பெயருக்கு மட்டும் இடம் விட்டுவைக்கிறேன்.

அன்புடன்