டீசல் காருக்கு மாறுவதா, பெட்ரோல் காரில் கேஸ் கிட் பொருத்துவதா?

ஈரோட்டுப் பயணி:

அனைவருக்கும் வணக்கம். 2016ஆம் ஆண்டு வாங்கிய, 1.2 லிட்டர் எஞ்சின் கொண்ட பெட்ரோல் காரை வைத்திருக்கிறேன். துணி வியாபாரம் என்பதால் ஈரோட்டிலிருந்து திருப்பூர், கோவை, கரூர் என்று மாதம் ஏறக்குறைய 1500 கிலோமீட்டர் ஓடுகிறது. ஊருக்குள்ளும் நெடுஞ்சாலையிலும் கலந்து ஓட்டினால் லிட்டருக்கு 15 கிலோமீட்டர் கிடைக்கிறது. பெட்ரோல் செலவு கையைக் கடிப்பதால் இரண்டு வழிகளை யோசித்து வருகிறேன். ஒன்று, 45,000 ரூபாய் செலவில், எஞ்சினின் ஒவ்வொரு சிலிண்டருக்கும் வரிசைப்படி கேஸைச் செலுத்தும் சீக்வென்ஷியல் வகை எல்.பி.ஜி. (திரவமாக்கிய எரிவாயு) கிட் பொருத்துவது. மற்றொன்று, இந்தக் காரைக் கொடுத்துவிட்டு மேலே 2 லட்சம் ரூபாய் போட்டு, அதே வயதுடைய டீசல் கார் ஒன்றை வாங்குவது. டீசல் கார் லிட்டருக்கு 20 கிலோமீட்டர் தரும் என்கிறார்கள். எரிபொருள் செலவை மட்டும் பார்க்காமல், பராமரிப்பையும் சேர்த்துக் கணக்கிட்டால் எது இலாபம் என்று அனுபவமுள்ளவர்கள் விளக்கினால் உதவியாக இருக்கும்.

கணக்குப்பிள்ளை:

பெட்ரோல் 101 ரூபாய், டீசல் 92 ரூபாய், கேஸ் 60 ரூபாய் என்று வைத்துக்கொண்டு பார்ப்போம். உங்கள் ஊர் பெட்ரோல் பங்க்கில் இன்று எழுதியிருக்கும் விலையைப் போட்டு நீங்களே திருத்திக்கொள்ளலாம்.

முதலில், கேஸில் ஓட்டினால் பெட்ரோலில் கிடைத்த அதே மைலேஜ் கிடைக்காது. ஒரு லிட்டர் பெட்ரோல் முக்கால் கிலோ எடை இருக்கும். ஒரு லிட்டர் எல்.பி.ஜி. அரைக் கிலோவைச் சற்றே தாண்டும். அதனால் லிட்டர் கணக்கில் அதிலுள்ள ஆற்றல் குறைவு. பெட்ரோலில் 15 தரும் வண்டி கேஸில் 12 தந்தால் நல்ல கிட், நல்ல ட்யூனிங் என்று கொள்ளலாம். மேலும், வண்டி எப்போதும் பெட்ரோலில்தான் கிளம்பும். எஞ்சின் தண்ணீர் சூடேறி, கிட்டிலுள்ள ரெட்யூசர் திரவ கேஸை வாயுவாக்கும் நிலைக்கு வந்த பிறகே கேஸுக்கு மாறும். ஆகவே ஓடும் தூரத்தில் பத்தில் ஒரு பங்கைப் பெட்ரோல் கணக்கில்தான் எழுத வேண்டும். கிட் விற்பவர்கள் இதைச் சொல்வதே இல்லை.

இவற்றைச் சேர்த்தால், கிலோமீட்டருக்குப் பெட்ரோலில் 6 ரூபாய் 73 காசு, கேஸில் 5 ரூபாய் 17 காசு, டீசலில் 4 ரூபாய் 60 காசு ஆகிறது. நீங்கள் ஓட்டும் வருடம் 18,000 கிலோமீட்டருக்குக் கேஸ் 28,000 ரூபாயும், டீசல் 38,000 ரூபாயும் மிச்சப்படுத்தும். பார்த்தால் டீசல்தான் முந்துகிறது. ஆனால் அந்தப் பத்தாயிரத்தை அடைய நீங்கள் கூடுதலாகப் போடும் முதலீடு 1,55,000 ரூபாய். அதை வங்கியில் 7 சதவீத வட்டிக்குப் போட்டாலே வருடம் பத்தாயிரத்துக்குமேல் வந்துவிடும். டீசலின் இலாபம் வட்டியிலேயே கரைந்துபோகிறது. பராமரிப்புக் கணக்கை நான் இன்னும் தொடவே இல்லை.

கேஸ் விலையைப் பற்றியும் ஒரு சொல். பெட்ரோல், டீசல் விலை 2017 ஜூன் முதல் தினமும் மாற்றியமைக்கப்படும் முறையில் இருக்கிறது. எல்.பி.ஜி. விலையோ, சவூதி அராம்கோ மாதந்தோறும் அறிவிக்கும் புரோப்பேன், பியூட்டேன் விலையைப் பின்பற்றி மாதத்துக்கு ஒருமுறை ஏறி இறங்கும். 60 ரூபாய் 70 ஆகிவிட்டால் உங்கள் ஆண்டு மிச்சம் ஏறக்குறைய பாதியாகக் குறைந்து, 19 மாதத்தில் திரும்ப வேண்டிய கிட் பணம் திரும்ப மூன்று வருடம் பிடிக்கும். எரிபொருள் செலவில் மட்டும் கேஸ் டீசலுக்குச் சமமாக வேண்டுமென்றால், கேஸ் விலை டீசல் விலையில் ஏறக்குறைய 57 சதவீதத்துக்குள், அதாவது 52 ரூபாய்க்குள் இருக்க வேண்டும்.

பட்டறைக்காரர்:

மேலே உள்ள கணக்கோடு நான் முழுமையாக உடன்படுகிறேன். ஆனால் கேஸ் வண்டிக்குச் செலவே இல்லை என்று யாரும் எண்ணிவிடக் கூடாது. எல்.பி.ஜி. உலர்ந்த எரிபொருள் என்பதால் வால்வு மூடும்போது அமரும் சீட் மெல்ல உள்ளே தேய்ந்து, வால்வுக்கும் அதைத் திறக்கும் பாகத்துக்கும் இடையே விடப்படும் டாப்பெட் இடைவெளி குறைந்துகொண்டே வரும். சூடான எஞ்சின் சிக்னலில் நிற்கும்போது தடுமாறி, பெட்ரோலுக்கு மாற்றியும் அந்தத் தடுமாற்றம் போகவில்லை என்றால் முதலில் அந்த இடைவெளியைத்தான் அளந்து பார்ப்பேன். கவனிக்காமல் ஓட்டினால் வால்வு சரியாக மூடாமல் கருகி, எஞ்சினின் மேல்பகுதியான ஹெட்டைக் கழற்ற வேண்டிய நிலை வரும். ப்ளக், ஏர் ஃபில்டர் ஆகியவற்றைப் பெட்ரோல் வண்டியைவிடச் சற்று முன்னதாகவே மாற்றுவது நல்லது. கேஸ் ஃபில்டரும் ரெட்யூசருக்குள் இருக்கும் டயாஃப்ரம் என்ற மெல்லிய சவ்வும் தனிச் செலவு, ஆனால் பெரிய செலவன்று.

எல்லாவற்றையும்விட அடிக்கடி நான் பார்ப்பது பெட்ரோல் டேங்குக்குள் இருக்கும் பம்ப் எரிந்துபோவதுதான். கேஸ்தானே ஓடுகிறது என்று டேங்கில் சொட்டுப் பெட்ரோலோடு மாதக்கணக்கில் ஓட்டுகிறார்கள். பல கிட்களில் கேஸில் ஓடும்போதும் அந்தப் பம்ப் சுற்றிக்கொண்டுதான் இருக்கும். அதைக் குளிர்விப்பது சுற்றியுள்ள பெட்ரோல்தான். கால் டேங்க் எப்போதும் இருக்கட்டும்.

டீசல் பக்கம் வந்தால், பழைய வண்டியில் இன்ஜெக்டர், டர்போ, கிளட்ச் ஆகிய மூன்றில் எது கைவிட்டாலும் ஒரு வருட எரிபொருள் மிச்சம் போய்விடும். 2020 ஏப்ரலுக்குப் பிந்தைய, பி.எஸ். 6 என்ற புகை விதிக்கு உட்பட்ட வண்டி என்றால் புகைக்கரியைப் பிடிக்கும் டி.பி.எஃப். வடிகட்டியும் சேர்ந்துகொள்கிறது. ஊருக்குள்ளேயே சிறு தூரம் ஓட்டினால் அது அடைத்துக்கொள்ளும். நெடுஞ்சாலையில் நீண்ட நேரம் ஓட்டினால்தான் கரி எரிந்து சுத்தமாகும். மாதம் மூவாயிரம் கிலோமீட்டருக்குமேல் நெடுஞ்சாலையில் ஓடுபவருக்கு நான் இன்றும் டீசலைத்தான் சொல்வேன்.

கோவைவாசி:

சி.என்.ஜி.யையும் (அழுத்தப்பட்ட இயற்கை எரிவாயு) யோசிக்கலாமே? எங்கள் பக்கம் அதற்கான பங்க்குகள் வந்துவிட்டன. டிக்கியில் பாதி இடம் சிலிண்டருக்குப் போய்விடும் என்பதுதான் குறை.

ஈரோட்டுப் பயணி:

துணி மூட்டை ஏற்ற வேண்டியிருப்பதால் டிக்கியை இழக்க முடியாது, நண்பரே. ஸ்டெப்னி குழியில் வைக்கும் வட்டமான எல்.பி.ஜி. டேங்கைத்தான் பார்த்திருக்கிறேன். கணக்கைப் பார்த்தபின் டீசல் யோசனையை விட்டுவிட்டேன். டேங்க் 42 லிட்டர் கொள்ளளவு என்கிறார்கள். அதில் எவ்வளவு தூரம் போகலாம்? ஆர்.சி.யில் பதிவு செய்யாமலேயே பலர் ஓட்டுகிறார்கள் என்று கிட் பொருத்தும் கடையில் சொன்னார்கள். அது சரியா?

பட்டறைக்காரர்:

கேஸ் விரிவதற்கு இடம் வேண்டும் என்பதால் 80 சதவீதத்துக்குமேல் நிரம்பாதபடி வால்வு அடைத்துக்கொள்ளும். ஆக 33 லிட்டர் பிடிக்கும். 400 கிலோமீட்டர் போகலாம். நீங்கள் போய்வரும் வழியில் எல்.பி.ஜி. பங்க் எங்கெங்கே உள்ளது, அது உண்மையில் இயங்குகிறதா என்பதை நேரில் பார்த்துவிட்டு முன்பணம் கொடுங்கள். பங்க் இல்லாத வழியில் பெட்ரோலில் ஓட்டினால், மேலே போட்ட கணக்கு முழுவதும் மாறிவிடும்.

பதிவு செய்யாமல் ஓட்டச் சொல்லும் கடைக்கு மறுபடி போகாதீர்கள். மோட்டார் வாகனச் சட்டத்தின் 52ஆம் பிரிவுப்படி, வண்டியில் மாற்றம் செய்தால் அதை ஆர்.சி.யில் ஏற்ற வேண்டும். உங்கள் மாடலுக்கு அங்கீகாரம் பெற்ற கிட்தானா என்று முதலில் சான்றிதழைக் கேட்டு வாங்குங்கள். டேங்கை ஐந்து வருடத்துக்கு ஒருமுறை சோதனைக்கு அனுப்ப வேண்டும். வீட்டு சிலிண்டரிலிருந்து ஏற்றித் தருகிறேன் என்று யாராவது வருவார்கள். வாகனங்களில் எல்.பி.ஜி. பயன்படுத்துவது பற்றிய 2001ஆம் ஆண்டு அரசு ஆணைப்படி அது குற்றம், அதைவிடப் பெரிய விஷயம், தீப்பிடிக்கும் வேலை.

கணக்குப்பிள்ளை:

காப்பீட்டு நிறுவனத்துக்கும் எழுதித் தெரிவித்துவிடுங்கள். வழக்கமாகக் கிட் மதிப்பில் 4 சதவீதம் சொந்தச் சேதப் பிரீமியத்திலும், 60 ரூபாய் மூன்றாம் தரப்புப் பிரீமியத்திலும் சேரும். 45,000 ரூபாய் கிட்டுக்கு முதல் வருடம் வரி நீங்கலாக 1,860 ரூபாய். அதையும் மேலே சொன்ன 28,000 ரூபாயிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள்.