புதுப்பிப்பு: 12 மணி நேர ஷிஃப்ட், வீவக வீடு, ஒரு நாய்

சிங்கப்பூரில் வீவக (வீடமைப்பு வளர்ச்சிக் கழக) அடுக்குமாடி வீட்டில் இருந்துகொண்டு, மருத்துவமனையில் 12 மணி நேர ஷிஃப்ட் பார்க்கும் நான் நாய் வளர்க்கலாமா என்று முன்பு இங்கே கேட்டிருந்தேன். "வேண்டாம்மா, அது பாவம்" என்றவர்களே அதிகம். இப்போது வளர்க்கிறேன்.

குட்டி வாங்கவில்லை. இரண்டு மூன்று மாதக் குட்டி சில மணி நேரத்துக்கு மேல் சிறுநீரை அடக்காது. வீட்டில் ஆள் வேண்டும். உள்ளூர்க் கலப்பின நாய்களை வீவக வீடுகளுக்குத் தத்துக் கொடுக்கும் அடோர் (Project ADORE) திட்டத்தில் நான்கு வயது நாயைத் தத்தெடுத்தேன். வீவக வீடுகளில் பொதுவாகப் பட்டியலிலுள்ள சிறிய இனங்களுக்குத்தான் அனுமதி. 2012ல் தொடங்கிய இத்திட்டம் அதைவிடப் பெரிய உள்ளூர் நாய்களுக்கும் இடம் கொடுக்கிறது. கருத்தடை செய்த நாய்க்கு உரிமக் கட்டணம் ஆண்டுக்கு 15 வெள்ளி, செய்யாவிட்டால் 90.

உண்மையான செலவு மதிய நடைக்குத்தான். ஷிஃப்ட் நாட்களில் காசு கொடுத்து ஒருவரை வரச் சொல்கிறேன். காலையில் விடியுமுன் நானே கூட்டிப்போகிறேன். வெயில் ஏறினால் தரை பாதத்தைச் சுட்டுவிடும். விடுமுறையில் பீஷான் - அங் மோ கியோ பூங்கா. பெருவிரைவு ரயிலில் நாயை ஏற்ற முடியாது, அதனால் டாக்சிக் காசையும் சேர்த்துக்கொள்ளுங்கள்.

ஓவர்டைம் வந்தால் என்ன செய்வாய் என்று ஒரு அக்கா கேட்டிருந்தார். பக்கத்து பிளாக் பெரியம்மாவிடம் ஒரு சாவி இருக்கிறது அக்கா. அவர் இல்லையென்றால் இந்த நாயை நான் எடுத்தே இருக்கமாட்டேன். தனியாக இருப்பவர்கள் நாயைத் தேடும் முன் அப்படி ஓர் ஆளைத் தேடுங்கள்.