அலாஸ்கா க்ளேசியர் கப்பல்: மூணு கொட்டேஷனும் ஒண்ணு போலவே இருக்கு, எதை எடுக்கலாம்?

மதுரை பீபிகுளத்திலிருந்து கேள்வி

நாலு பேர், அதில் ரெண்டு பேர் எழுபதைத் தாண்டியவங்க. எல்லாரும் சுத்த சைவம். டிராவல்ஸில் கொடுத்த மூணு ரூட்:

அ. அமெரிக்காவின் சியாட்டிலில் ஏறி சியாட்டிலுக்கே திரும்புறது, 7 இரவு, நாலாயிரம் பேர் கப்பல், க்ளேசியர் (பனியாறு) பார்க்கிற இடம் என்டிகாட் ஆர்ம்.
ஆ. கனடாவின் வான்கூவரில் ஏறி வான்கூவருக்கே திரும்புறது, 7 இரவு, ரெண்டாயிரம் பேர் கப்பல், க்ளேசியர் பே.
இ. வான்கூவரில் ஏறி அலாஸ்காவின் சீவர்டில் இறங்குறது, 7 இரவு, ஹப்பார்டு க்ளேசியர்.

மூணிலும் ஜூனோ, ஸ்காக்வே, கெட்சிகன்னு அலாஸ்கா துறைமுக ஊர்கள் இருக்கு. விலையும் கிட்டத்தட்ட ஒண்ணுதான். "எல்லாம் ஒரே பனிதான் சார், கப்பல் புதுசா பாருங்க"ங்கிறார் ஏஜென்ட். போயிட்டு வந்தவங்க பார்த்ததைச் சொல்லுங்க.

அண்ணாநகர்

கப்பல் பேரைக் கையால மறைச்சுட்டு, க்ளேசியர் நாளுக்கு எதிரே போட்டிருக்கிற நேரத்தை மட்டும் படிங்க. மூணு ரூட்டும் அந்த இடத்தில்தான் பிரியுது.

க்ளேசியர் பே தேசியப் பூங்கா. சீசனில் ஒரு நாளைக்கு ரெண்டு பெரிய கப்பலுக்குத்தான் அனுமதி. காலையில் பூங்கா ரேஞ்சர்கள் சின்னப் படகில் வந்து கப்பலில் ஏறி, சாயங்காலம் வரை மைக்கில் விளக்கம் சொல்வாங்க. பூங்காவுக்குள்ள மட்டும் ஒன்பது, பத்து மணி நேரம் ஓடும். வாயிலிலிருந்து மார்ஜரி க்ளேசியர் வரை சுமார் 105 கிலோமீட்டர். ஆங்கிலேயக் கடலோடி கேப்டன் வான்கூவரின் ஆட்கள் 1794-ல் வந்தப்போ வாயில் பக்கத்திலேயே பனிச்சுவர் நின்னுது. அவ்வளவு தூரமும் அதுக்கப்புறம் பனி பின்வாங்கின தூரம். அதனால உள்ளே போகப் போகக் கரையே மாறும். முதல்ல அடர்ந்த காடு, அப்புறம் புதர், கடைசியில் மொட்டைப் பாறை. மார்ஜரியின் முகம் தண்ணிக்கு மேல சுமார் 250 அடி. நம்ம மீனாட்சி கோயில் தெற்குக் கோபுரத்தைப் போல ஒன்றரை மடங்குன்னு வச்சுக்கங்க. கப்பல் அதுக்கு முன்னாடி ஏறக்குறைய ஒரு மணி நேரம் நின்னு, மெதுவா வட்டம் திரும்பும்.

என்டிகாட் ஆர்ம் ஜூனோவுக்குத் தெற்கே இருக்கிற குறுகலான கடல் பள்ளத்தாக்கு, கோடியில் டாஸ் க்ளேசியர். பெரும்பாலும் விடியற்காலையில் நுழைஞ்சு, மத்தியானம் ஜூனோ சேர்ற கணக்கில் வெளியே வந்துடும். மிதக்கிற பனி நிறைய இருந்தா பெரிய கப்பல் சில கிலோமீட்டர் முன்னாடியே திரும்பிடும். க்ளேசியர் தூரத்தில் ஒரு வெள்ளைப் பட்டை மாதிரி தெரியும், அவ்வளவுதான். கப்பலிலிருந்தே ஒரு சின்னப் படகுக்கு மாத்தி முகத்துக்குக் கிட்ட கூட்டிப் போற சுற்றுலாவும் சில கப்பல்களில் உண்டு, அதுக்குத் தனிக் காசு. 'அ' எடுக்கிறவங்க அந்தக் காசையும் சேர்த்துத்தான் விலையை ஒப்பிடணும். ஏஜென்ட் அதைச் சொல்ல மாட்டார்.

பழைய விளம்பரத் தாளில் ட்ரேசி ஆர்ம்னு (என்டிகாட்டுக்குப் பக்கத்துப் பள்ளத்தாக்கு) போட்டிருந்தா அது இப்பவும் உண்டான்னு எழுத்தில் கேளுங்க. 2025 ஆகஸ்ட் 10-ல் அங்கே மலைச்சரிவு விழுந்து பெரிய அலை எழும்பிச்சு.

தல்லாகுளம்

அண்ணாநகர் அண்ணன் க்ளேசியர் பேக்கே மாலை போட்டுட்டார். ஹப்பார்டை இப்படி ஒதுக்க வேண்டாம். நீளம் சுமார் 120 கிலோமீட்டர், கடலைத் தொடுற முகம் மட்டும் பத்து கிலோமீட்டருக்கு மேல. மாட்டுத்தாவணியிலிருந்து பசுமலை வரை ஒரே பனிச்சுவர்னு நினைச்சுப் பாருங்க. மத்த க்ளேசியர் பெரும்பாலும் சுருங்குது, இது முன்னால வருது. 1986-லயும் 2002-லயும் பக்கத்து ரஸ்ஸல் ஃபியோர்டுங்கிற கடல் பள்ளத்தாக்கின் வாயை அடைச்சு அதை ஏரியாக்கிடுச்சு. முன்னேறுற பனி அடிக்கடி உடையும். உடையறதைப் பார்க்க ஆசைன்னா இதுதான்.

ஆனா ஒண்ணு. எவ்வளவு கிட்டப் போகலாம்னு அன்னைய பனிதான் முடிவு பண்ணும். மே மாசம் ஹப்பார்டுக்கு முன்னாடி இருக்கிற வளைகுடா நிறைய பனிப்பாளம் மிதக்கும், அதுமேல குட்டி போட்ட சீல்களும் (கடல்நாய்) இருக்கும். கேப்டன் பல மைல் தள்ளியே நிறுத்திடலாம். ஜூலை, ஆகஸ்டில் வாய்ப்பு கூடுதல். நம்ம பள்ளிக்கூட லீவுக்கு மே தோதாத்தான் இருக்கும், மழையும் அப்போ குறைவு, டிக்கெட்டும் மலிவு. அப்படி மே-ன்னா க்ளேசியர் பே எடுங்க, ஹப்பார்டு வேண்டாம். உங்களுக்கு ஆகஸ்ட் தோதுன்னா என் ஓட்டு ஹப்பார்டுக்குத்தான்.

இன்னொரு விஷயம்: ஒருவழி ரூட்னாலே ஹப்பார்டுதான்னு இல்லை. ஹாலண்ட் அமெரிக்கா, பிரின்சஸ் கம்பெனிகளோட ஒருவழிக் கப்பல்கள் க்ளேசியர் பேக்குள்ள போய் அலாஸ்காவின் விட்டியர் துறைமுகத்தில் முடிக்கும். ராயல் கரீபியன், செலிப்ரிட்டி கப்பல்கள் க்ளேசியர் பே போகாது. அதுகளுக்கு ஹப்பார்டு அல்லது என்டிகாட்தான். நார்வீஜியன் கப்பல்களில் சிலது போகும், சிலது போகாது. ஒரே கப்பலே தேதிக்குத் தேதி க்ளேசியரை மாத்துறதும் உண்டு, அதனால கம்பெனி பேரைப் பார்த்து நம்பிடாதீங்க. பூங்கா நிர்வாகமே எந்தத் தேதியில் எந்தக் கப்பல் வருதுன்னு அட்டவணை போடுது. கொட்டேஷனில் இருக்கிற தேதியை அதோட ஒத்துப் பாருங்க.

எல்லீஸ் நகர்

விசா பற்றி யாரும் பேசவில்லை. இந்தியப் பாஸ்போர்ட்டுக்கு மூன்று பாதைகளிலும் இரண்டு விசா வேண்டும்: அமெரிக்காவுக்கு ஒன்று, கனடாவுக்கு ஒன்று. 'ஆ', 'இ' இரண்டிலும் ஏறுவதே கனடாவில் என்பதால் இது எல்லோருக்கும் புரியும். 'அ'வில்தான் ஏமாறுவார்கள். சியாட்டிலில் ஏறி சியாட்டிலில் இறங்கினால் கனடா எதற்கு என்று தோன்றும். அமெரிக்காவில் 1886-ம் ஆண்டுச் சட்டம் ஒன்று இருக்கிறது. வெளிநாட்டுக் கொடி பறக்கும் கப்பல், அமெரிக்கத் துறைமுகத்தில் பயணிகளை ஏற்றி அங்கேயே கொண்டுவந்து இறக்குவதானால் நடுவில் ஒரு வெளிநாட்டுத் துறைமுகத்தைத் தொட வேண்டும். இந்தக் கப்பல்களில் அநேகமாக எல்லாமே பஹாமாஸ், பெர்முடா, பனாமா, நெதர்லாந்து என்று வெளிநாட்டுக் கொடிதான். ஆகவே சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் கடைசி இரவில் கனடாவின் விக்டோரியாவைத் தொடும். பல கப்பல்கள் அங்கே பொழுது சாயும் நேரத்தில் போய் நள்ளிரவுக்குள் கிளம்பிவிடும். இறங்காமல் அறையிலேயே படுத்திருந்தாலும் விசா கேட்பார்கள். சியாட்டிலில் ஏறும்போதே சரிபார்ப்பார்கள். இல்லாவிட்டால் கப்பலில் ஏற முடியாது, பணமும் போய்விடும்.

அமெரிக்க விசா நேர்காணல் தேதிதான் இழுத்தடிக்கும். சென்னையில் அந்தத் தேதி கையில் வராமல், திருப்பித் தராத கட்டணத்தில் கப்பல் போடாதீர்கள். கனடாவுக்குக் கைரேகை, புகைப்படம் கொடுத்தால் அது பத்தாண்டு செல்லும். முன்பே கொடுத்தவர்கள் மறுபடி கட்டணம் கட்ட வேண்டாம். ஸ்காக்வேயில் மலை ரயில் எடுக்கும்போதும் கவனம்: வொயிட் பாஸ் உச்சி வரை போய் அப்படியே திரும்பும் ரயில் ஒன்று, எல்லை தாண்டி கனடாவின் ஃப்ரேசர் வரை போவது இன்னொன்று. இரண்டாவதற்குப் பாஸ்போர்ட்டைக் கப்பல் அறையில் வைத்துவிட்டுப் போகக் கூடாது.

திருநகர்

வயசானவங்க இருக்கிறதால கடலைப் பத்திச் சொல்றேன். வான்கூவர் கப்பல், வான்கூவர் தீவுக்கும் கரைக்கும் நடுவிலே ஒதுங்கின தண்ணியில் போகும். வைகை அணையில் படகு போற மாதிரி அமைதி. சியாட்டில் கப்பல்கள் பெரும்பாலும் தீவுக்கு மேற்கே திறந்த பசிபிக்கில் போகும், ஆட்டம் தெரியும். ஒருவழி ரூட்டில் அலாஸ்கா வளைகுடாவைக் கடக்கிற ராத்திரியும் அப்படித்தான். தலைசுற்றல், வாந்தி வர்றவங்க இருந்தா 'ஆ'. மத்ததை எடுத்தா கப்பலோட நடுவில், கீழ் தளத்தில் அறை கேளுங்க. ஊஞ்சல் மாதிரிதான்: முனையில் ஆட்டம் ஜாஸ்தி, நடுவில் குறைச்சல். மாத்திரை எதுவானாலும் பி.பி., சுகர் மருந்தோட சேருமான்னு டாக்டரைக் கேட்டுட்டு எடுத்துட்டுப் போங்க.

பால்கனி வேணுமா? க்ளேசியருக்காக மட்டும்னா அவ்வளவு அவசியமில்லை. கப்பல் திரும்பி ரெண்டு பக்கமும் காட்டும், ஆனா உங்க பக்கம் வர்ற வரை சுவரைப் பார்த்துட்டு நிக்கணும். திறந்த தளத்தில் நின்னா நீங்களே இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் மாறிக்கலாம். ஆனா எழுபது வயசுக்காரங்க குளிரில் ரெண்டு மணி நேரம் நிக்க மாட்டாங்க. அவங்களுக்கு மட்டும் பால்கனி போடுங்க, மத்த ரெண்டு பேருக்கு உள் அறை போதும். ஒருவழியில் வடக்கே போறப்போ வலது பக்கம்தான் பிரதான கரை, அங்கே மட்டும் பக்கம் பார்த்து எடுங்க. போய்த் திரும்புற ரூட்டில் பக்கத்துக்குக் கூடக் காசு கொடுக்காதீங்க. "பார்வை மறைப்பு"ன்னு மலிவா ஒரு வகை வரும். ஜன்னல் திரையை விலக்கினா எதிரே உயிர்காப்புப் படகு தொங்கும்.

நாலாயிரம் பேர் கப்பலில் க்ளேசியர் நேரத்தில் மேல் தளம் சித்திரைத் திருவிழாவில் ஆத்துக்குள்ள நிக்கிற மாதிரி இருக்கும். போதாததுக்கு அங்கே காத்துத் தடுப்புக் கண்ணாடி, போட்டோவில் உங்க முகமே விழும். கீழே நடைத்தளத்துக்கு இறங்குங்க. கண்ணாடி கிடையாது, தண்ணிக்குக் கிட்ட, கூட்டமும் பாதிதான். ஹாலண்ட் அமெரிக்கா கப்பல்களில் அன்னைக்குக் கப்பலோட முன்முனைத் தளத்தையே திறந்து விடுவாங்க, அதைவிட நல்ல இடம் கிடையாது.

இறங்கு பலகையையும் மனசில் வைங்க. அங்கே கடல் ஏத்தவத்தம் நம்ம ராமேஸ்வரம் மாதிரி இல்லை, நாளுக்குள்ளேயே அஞ்சாறு மீட்டர் ஏறி இறங்கலாம். வத்தின நேரத்தில் பலகை செங்குத்தா நிக்கும். முட்டி வலிக்காரங்க தண்ணி ஏற ஆரம்பிச்சப்புறம் கொஞ்ச நேரம் பொறுத்து இறங்கினா சாய்வு குறையும்.

பீபிகுளம் (மறுபடி)

சரி, ஜூன் கடைசின்னே வைக்கிறோம். ரெண்டு சந்தேகம். க்ளேசியர் பேயில் ஜான்ஸ் ஹாப்கின்ஸ்னு இன்னொரு க்ளேசியர் படம் போட்டிருக்கே, அது வருமா? சாப்பாடு, குளிர் எப்படி?

அண்ணாநகர்

ஜூனில் வராது. சீல் குட்டி போடுற இடம்ங்கிறதால மே முதல் ஆகஸ்ட் கடைசி வரை பெரிய கப்பல்கள் அந்தக் கிளைக்குள்ள போக முடியாது. செப்டம்பர்க் கப்பல்களுக்குத்தான் அது. ஆனா செப்டம்பரில் மழை கொட்டும். கெட்சிகனில் வருஷத்துக்குச் சுமார் 380 சென்டிமீட்டர். மதுரையைப் போல நாலு மடங்குக்கு மேல.

பனி உடையறதைப் பார்க்க ஒரு சின்ன யோசனை. கப்பல் நிக்கிற தூரத்துக்குச் சத்தம் வந்து சேர ஒரு நொடிக்கு மேல ஆகும். இடி மாதிரிச் சத்தம் கேட்டுத் திரும்பினா விழுந்து முடிஞ்சிருக்கும். முகத்தில் ஒரே இடத்தைப் பிடிச்சுப் பாருங்க. சின்னத் துண்டுகள் பொலபொலன்னு கொட்ட ஆரம்பிச்ச இடத்தில்தான் பெரிய பாளம் சரியும். பைனாகுலர் எட்டு மடங்கு போதும். பன்னிரண்டு மடங்கு வாங்கினா கை நடுக்கமும் பன்னிரண்டு மடங்கு. செல்போனில் வெளிச்சத்தைக் கொஞ்சம் கூட்டி வைங்க, இல்லைன்னா வெள்ளைப் பனி சாம்பலா விழும். குளிரில் சார்ஜ் வேகமா இறங்கும், உள்பையில் வைங்க.

டி.வி.எஸ். நகர்

சாப்பாட்டுக்கு: புக்கிங் போடும்போதே இந்தியச் சைவம்னு எழுத்தில் குறிக்கச் சொல்லுங்க. கப்பல் ஏறின முதல் நாள் ராத்திரி தலைமை சர்வரைப் பார்த்து ஞாபகப்படுத்துங்க. மறுநாள் மெனுவை முந்தின ராத்திரியே சொல்லி வச்சா சமைச்சுத் தருவாங்க. பெரிய கம்பெனிக் கப்பல்களில் சமையலறையிலும் பரிமாற்றத்திலும் நம்ம நாட்டு ஆட்கள் நிறைய, கேட்டா மறுக்க மாட்டாங்க. இட்லி, தோசையை எதிர்பார்க்காதீங்க. பருப்பு, சப்ஜி, சோறு கிடைக்கும். ஊறுகாய் பாட்டில், பருப்புப் பொடி சீல் உடைக்காம எடுத்துட்டுப் போகலாம். கரையில் இறங்குறப்போ பழம், காய் எதையும் கையில் கொண்டு போகாதீங்க. ஹாலண்ட் அமெரிக்காவில் க்ளேசியர் பே அன்னைக்குத் தளத்திலேயே சூடா பட்டாணி சூப் கொடுப்பாங்க. பட்டாணின்னு நம்பி வாங்கிடாதீங்க, அந்த டச்சு சூப்பில் பன்னிக்கறி போடுறதுதான் வழக்கம்.

குளிர் கொடைக்கானல் மார்கழி ராத்திரி அளவுதான், ஆனா பகலில், காத்தோட. விளக்குத்தூண் ஸ்வெட்டர் ஒண்ணை மட்டும் போட்டா ஓட்டை வழியாக் காத்து நுழையும். உள்ளே ஒட்டின தெர்மல், நடுவிலே ஸ்வெட்டர், வெளியே காத்தும் மழையும் புகாத ஜாக்கெட்னு மூணு அடுக்கு. மங்கி கேப் தாராளமா எடுத்துட்டுப் போங்க, குடை வேண்டாம், காத்தில் நிக்காது.

கெட்சிகன்னு போட்டிருந்தாலும் சில கப்பல்கள் ஊருக்கு வெளியே வார்ட் கோவ்ங்கிற (Ward Cove) துறையில் நிறுத்தும். அங்கிருந்து ஷட்டில் பஸ். எந்தத் துறைன்னு கேளுங்க. ஜூனோவில் மெண்டன்ஹால் க்ளேசியருக்குக் கப்பல் சுற்றுலா வேண்டாம், துறையிலிருந்தே பஸ் இருக்கு, இருபது கிலோமீட்டர்தான். க்ளேசியரை ஏரிக்கு இந்தப் பக்கம் நின்னு பார்க்கிற இடம் வரை சக்கர நாற்காலி போகும்.

எல்லீஸ் நகர்

ஜூன் கடைசி, எழுபது வயதுக்காரர்கள் என்றால் 'ஆ'தான். கப்பல் கிளம்புவதற்கு இரண்டு நாள் முன்னால் வான்கூவர் போய்ச் சேரும்படி விமானம் போடுங்கள். மதுரைக்கும் அந்த ஊருக்கும் பன்னிரண்டரை மணி நேர வித்தியாசம், அலாஸ்காவில் பதின்மூன்றரை. ஜூனோவில் காலை ஆறு என்றால் இங்கே இரவு ஏழரை; அந்தத் தூக்கக் கலக்கத்தோடு போனால் க்ளேசியர் நாள் அறையிலேயே கழிந்துவிடும். பயணக் காப்பீடு வாங்கும்போது கப்பலுக்குள் நடக்கும் சிகிச்சைக்கும் செல்லுமா என்று பாருங்கள், அங்கே டாக்டர் பில் டாலரில் வரும். கொட்டேஷனில் டிப்ஸ் சேர்ந்திருக்கிறதா என்றும் கேட்டுக்கொள்ளுங்கள். தலைக்கு ஒரு நாளைக்குப் பதினைந்து டாலருக்கு மேல், நாலு பேருக்கு ஏழு நாள்.