மறு: ‘பாட்டில்நெக்’ – குறுமடை என்று வைத்துக்கொள்ளலாமா?

அனைவருக்கும் வணக்கம்.

பத்து நாளாக இந்த இழையை ஓரமாக உட்கார்ந்து படித்துக்கொண்டிருந்தேன். கேமிங் கணினிக்கு எந்த மையச் செயலியோடு (சிபியு) எந்த வரைகலை அட்டையை (ஜிபியு) சேர்ப்பது என்று தமிழில் எழுத ஆரம்பித்த தம்பி, இரண்டாவது பத்தியிலேயே ‘பாட்டில்நெக்’கில் மாட்டிக்கொண்டார். ஒரு பாகம் மெதுவாக இருந்து மொத்த வேகத்தையும் இழுத்துப் பிடிப்பதைச் சொல்லும் அந்த ஆங்கிலச் சொல்லுக்குத் தமிழில் என்ன என்று இங்கே வந்து கேட்டார். புட்டிக்கழுத்து, இடையூறு, முட்டுக்கட்டை, நெரிசல், தேக்கம் என்று ஐந்து சொற்கள் வந்து விழுந்துவிட்டன. ஐந்திலும் எனக்கு மனசு நிற்கவில்லை. ஏன் என்று சொல்ல எங்கள் வீட்டுக் கதை ஒன்று வேண்டியிருக்கிறது, பொறுத்துக்கொள்ளுங்கள்.

மகனுடைய கணினியில் இருப்பது இன்டெலின் ஐ5-7400 செயலி. 2017-ல் வந்தது, நாலு கோர், அதாவது ஒரே சில்லுக்குள் தனித்தனியாகக் கணக்குப் போடுகிற நாலு பகுதி. போன தீபாவளிக்குப் பழைய அட்டையைக் கழற்றிவிட்டு என்விடியாவின் ஆர்டிஎக்ஸ் 3060 வாங்கிப் போட்டோம். அவன் ஆடுவதெல்லாம் மைக்ரோசாஃப்ட் ஃபிளைட் சிமுலேட்டர்தான், 2020-ல் வெளியான பதிப்பு. அன்றைக்கு ராத்திரியே மீனம்பாக்கத்திலிருந்து கிளம்பிச் சென்னைக்கு மேலே ஒரு சுற்று வந்தான். நொடிக்கு 30 ஃபிரேம், அதாவது திரையில் 30 படம். பழைய அட்டையிலும் ஏறக்குறைய அதேதான் வந்துகொண்டிருந்தது. செட்டிங் எல்லாவற்றையும் அடிமட்டத்துக்கு இறக்கினான். அப்போதும் 30. “கட்டடமெல்லாம் அட்டைப்பெட்டி மாதிரி ஆனதுதான்பா மிச்சம்” என்றான்.

அந்த விளையாட்டில் டெவலப்பர் மோடைப் போட்டால் திரை ஓரத்தில் ஒரு சின்னப் பெட்டி வரும். ஃபிரேம் எண்ணிக்கையோடு, இப்போது வேகத்தை இழுத்துப் பிடிப்பது எது என்றும் அதில் எழுதியிருக்கும். ‘லிமிட்டட் பை மெயின்திரெட்’ என்று இருந்தது. புது அட்டை கையைக் கட்டிக்கொண்டு நிற்கிறது, செயலி வேலை கொடுத்து மாளவில்லை என்று அர்த்தம். வாங்கின கடையில் போய்க் கேட்டோம். அவர் ஏதோ ஒரு இணையதளத்தில் இரண்டு பெயரையும் தட்டிவிட்டு, “22 சதவீதம் பாட்டில்நெக் காட்டுது சார், பவர் சப்ளையை மாத்திடலாம்” என்றார். பவர் சப்ளைக்கும் இதற்கும் என்ன சம்பந்தம் என்று எனக்கு இன்னும் விளங்கவில்லை.

ஒரு ஃபிரேம் திரைக்கு வர இரண்டு பேர் உழைக்க வேண்டும். விமானம் எங்கே இருக்கிறது, காற்று எந்தப் பக்கம் தள்ளுகிறது, கண்ணுக்குத் தெரிகிற பொருட்கள் எவை என்று கணக்குப் போட்டு, ‘இதை வரை, அதை வரை’ என்று பட்டியல் எழுதிக் கொடுப்பது செயலி. பட்டியலை வாங்கிப் புள்ளி புள்ளியாகத் தீட்டுவது அட்டை. அட்டை தீட்டிக்கொண்டிருக்கும்போதே செயலி அடுத்த பட்டியலுக்குப் போய்விடும். அதனால் இருவர் நேரத்தையும் கூட்டக்கூடாது. யார் மெதுவோ அவருடைய நேரம்தான் ஃபிரேமின் நேரம். நொடிக்கு 60 வேண்டுமானால் இருவருமே 16.7 மில்லிநொடிக்குள் முடிக்க வேண்டும். நொடிக்கு 144 ஃபிரேம் காட்டுகிற 144 ஹெர்ட்ஸ் திரையை நிரப்ப வேண்டுமானால் 6.9-க்குள்.

எங்கள் வீட்டு நிலவரத்தை உத்தேசமாக இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: செயலிக்கு 33 மில்லிநொடி, பழைய அட்டைக்கு 28, புது அட்டைக்கு 12. 33, 28 இரண்டில் பெரியது 33. 33, 12 இரண்டிலும் பெரியது அதே 33. பணம் போன இடம் கணக்குக்குள்ளேயே வரவில்லை.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. 1920-க்கு 1080 திரையில் 20.7 லட்சம் புள்ளிகள். 2560-க்கு 1440 என்றால் 36.9 லட்சம். 4கே, அதாவது 3840-க்கு 2160 என்றால் 82.9 லட்சம். புள்ளி கூடினால் தீட்டுகிற அட்டைக்குத்தான் வேலை கூடும், பட்டியல் எழுதுகிற செயலிக்குப் பெரிதாக ஒன்றும் மாறாது. மகன் நண்பனுடைய 1440 திரையைக் கொண்டுவந்து மாட்டி, இறக்கின செட்டிங்கையெல்லாம் திரும்ப ஏற்றினான். அட்டையின் 12 ஏதோ 21 ஆகியிருக்கும், இன்னும் 33-க்குக் கீழேதான். 30 ஃபிரேம் அசையாமல் நின்றது, கட்டடங்களுக்கு ஜன்னல் வந்தது. 4கே-க்குப் போயிருந்தால் அட்டை 48-ஐத் தொட்டு, நொடிக்கு 20-ஆக விழுந்திருக்கும். அப்போது இழுத்துப் பிடிப்பது அட்டை. அதே செயலி, அதே அட்டை, நகரத்தை விட்டுக் கடலுக்கு மேலே போனால் கணக்கு மறுபடி வேறு. ஜோடிக்கு ஒரு சதவீதம் என்று அந்த இணையதளம் எதை வைத்துச் சொல்கிறதோ.

சரி, சொற்களுக்கு வருகிறேன்.

> இழையில் ஒருவர்: இடையூறு என்றே சொல்லிவிடலாமே, எல்லோருக்கும் புரியும்.

புரியும், ஆனால் தப்பாகப் புரியும். இடையூறு என்றால் அதை விலக்கினால் வேலை சுகமாக நடக்க வேண்டும். முட்டுக்கட்டையும் அப்படித்தான், எடுத்துவிட்டால் வண்டி ஓடும். என் செயலியை எடுத்துவிட்டால் 30-உம் வராது. அந்த முப்பதைக் கொடுப்பதே அதுதான். இந்த மாதிரிச் சொற்களில் ஒரு குற்றச்சாட்டு ஒளிந்திருக்கிறது. எதுவோ கெட்டுப்போயிருக்கிறது, மாற்றினால் தீர்ந்துவிடும் என்கிற எண்ணம். பவர் சப்ளை விற்பது அதை வைத்துத்தான்.

நெரிசல் கூட்டத்தைப் பற்றிய சொல், கூட்டம் கலைந்தால் போய்விடும். புட்டிக்கழுத்து ஆங்கிலத்தை அப்படியே குப்புறப் போட்டது, வேறு சொல்ல ஒன்றுமில்லை.

தேக்கம் மட்டும் கொஞ்சம் யோசிக்க வைத்தது. திருப்பூரில் பனியன் கம்பெனியில் எட்டு வருஷம் இருந்தவன் நான். கட்டிங் மாஸ்டர் நாளைக்கு ஆயிரம் பீஸ் வெட்டித் தள்ளுவார், ஓவர்லாக் ஆட்கள் எழுநூறு தைப்பார்கள், சாயங்காலம் ஓவர்லாக் மெஷின் பக்கத்தில் முந்நூறு பீஸ் கட்டிக் கிடக்கும். சூப்பர்வைசர் வந்ததும் முதலில் பார்ப்பது எங்கே பீஸ் தேங்கியிருக்கிறது என்றுதான். தேங்கின இடத்துக்கு அடுத்த மெஷின்தான் ஆள். அதாவது தேக்கம் என்பது நாம் பார்க்கிற அடையாளம். காரணம் அதற்கு ஒரு எட்டு தள்ளி இருக்கிறது. நமக்கு வேண்டியது காரணத்துக்கான பெயர்.

அதனால் குறுமடை. மடை என்பது ஏரிக்கரையில் தண்ணீரை வெளியே விடுகிற திறப்பு. ஏரி தளும்பினாலும் வயலுக்குப் போவது மடை விடுகிற தண்ணீர்தான். கீழே வாய்க்காலை ஆள் வைத்து அகலமாக வெட்டிவிட்டு மேலே மடையை அப்படியே விட்டதுதான் நாங்கள் தீபாவளிக்குச் செய்தது. மடை என்பது கோளாறு இல்லை, மடை இல்லாத ஏரியும் இல்லை. தண்ணீர் போகிற வழியில் நாலு மடை இருந்தால் அவற்றில் எது சிறியதோ அது குறுமடை. அதைப் பெரிதாக்கினால் அந்தப் பெயர் அடுத்ததற்குப் போய்விடும். இந்த இடம் மாறுகிற குணம் வேறெந்தச் சொல்லிலும் வரவில்லை.

> இப்படி ஒருவர் கேட்கலாம்: மடை திறந்த வெள்ளம் என்றுதானே சொல்கிறோம்? மடை என்றதும் பெருக்குதான் நினைவுக்கு வருகிறது, குறைவு வருவதில்லை.

நியாயமான கேள்வி. அதற்காகத்தான் முன்னால் ‘குறு’. வெறும் மடை என்று வைத்தால் நீங்கள் சொல்வது நடக்கும்.

ஆடுகிற பிள்ளைகள் சொல்வது ‘சிபியு பாட்டில்நெக் ஆகுது’, ‘ஜிபியு பாட்டில்நெக் ஆகுது’ என்று. வினையாகாத சொல் வாயில் நிற்காது. ‘செயலி குறுமடை ஆகுது’ என்று தாராளமாகச் சொல்லலாம். சுருக்கமாக வேண்டுமானால் செயலிமடை, அட்டைமடை. ‘உனக்கு இருப்பது செயலிமடையா அட்டைமடையா?’ என்று கேட்டுப் பாருங்கள், உறுத்தவில்லை. திரையின் புள்ளிகளைக் குறைத்தும் ஃபிரேம் ஏறாவிட்டால் செயலிமடை, ஏறினால் அட்டைமடை. டாஸ்க் மேனேஜரில் செயலி 60 சதவீதம்தானே காட்டுகிறது என்று ஏமாறக்கூடாது. நாலு கோரில் ஒன்றின் தலையில் முக்கிய வேலை முழுவதும் விழுந்திருக்கும், மற்ற மூன்றும் அரைகுறையாக ஓடிக்கொண்டிருக்கும். அட்டை 95 சதவீதத்தைத் தொடாமல் சோம்பிக் கிடக்கிறதா என்று பார்ப்பது மேல்.

ஒரு எச்சரிக்கை. ‘செயலி’ இப்போது போனில் இருக்கும் ஆப்புக்குப் போய்விட்டது. ‘செயலியை மாற்று’ என்று தம்பி எழுதினால் படிக்கிறவர் எதையாவது அன்இன்ஸ்டால் செய்துவிடப் போகிறார். முதல் இடத்தில் மட்டுமாவது ‘மையச் செயலி’ என்று போடட்டும்.

—

வணக்கம் அண்ணா. கிளிநொச்சியிலிருந்து எழுதுகிறேன்.

குறுமடை நல்ல சொல்தான், ஆனால் இங்கே அது அவ்வளவு இலகுவாகப் பிடிபடாது. எங்கள் குளங்களுக்கு இருப்பது துருசு. மழைக்காலத்தில் இரணைமடுக் குளத்தின் மிகுநீரை விடுகிற வான்கதவு திறந்தால் ஊருக்கே செய்தி, துருசு திறந்தால் வயலுக்குத் தண்ணீர். மடை என்றால் எங்களுக்குக் கோயிலில் பரப்புகிற படையல்தான் முதலில் வரும். அம்மாவிடம் குறுமடை என்றால் இந்த முறை பொங்கல் கொஞ்சம் போலிருக்கிறது என்று நினைப்பார். போத்தல் கழுத்து என்று நாங்கள் மொழிபெயர்த்தால் உங்களுக்குப் பிடிக்காது என்றும் தெரியும்.

அது போகட்டும். எனக்கு இருக்கிற சிக்கல் வேறு. 2024 டிசம்பரில் இன்டெல் ஆர்க் பி580 அட்டை வந்தது. புதிய செயலியோடு சேர்த்தால் அந்த விலைக்கு நல்ல அட்டை. ரைசன் 5 2600 போன்ற பழைய செயலியோடு சேர்த்துச் சோதித்தவர்கள், மற்ற அட்டைகளைவிட இது கூடுதலாகச் சறுக்குவதைக் கண்டார்கள். அட்டையின் டிரைவர் (அட்டையை இயக்குகிற மென்பொருள்) செயலியின் நேரத்தில் பெரிய பங்கைத் தின்றுவிடுகிறது. இப்போது இது செயலிமடையா, அட்டைமடையா? நெரிவது செயலியில். நெரிய வைப்பது அட்டையோடு வந்த மென்பொருள். உங்கள் பெயர்களில் ஒன்றை வைத்தால், பாவம், செயலியின் தலையில் பழி விழும்.

இன்னொன்று. ஆர்டிஎக்ஸ் 40 வரிசையோடு 2022-ல் வந்த ஃபிரேம் ஜெனரேஷன், செயலியைக் கேட்காமல் அட்டையே இரண்டு ஃபிரேமுக்கு நடுவில் ஒன்றைத் தயாரித்துச் செருகுகிறது. திரையில் எண் கூடுகிறது. மடை பெரிதாகவில்லை, தண்ணீர் மட்டும் கூடிவிட்டதா?

—

தங்கச்சிக்கு வணக்கம். மூன்று வாரம் கழித்து எழுதுகிறேன், மன்னிக்கவும்.

இரண்டாவது கேள்விக்கு முதலில். மடைக்குக் கீழே லாரியில் தண்ணீர் கொண்டுவந்து வாய்க்காலில் ஊற்றுகிறார்கள், அவ்வளவுதான். பார்க்கிறவர் கண்ணுக்கு வாய்க்கால் நிறைய ஓடும். ஆனால் ஸ்டிக்கைத் திருப்பினால் விமானம் திரும்புவது செயலி கணக்குப் போட்ட ஃபிரேமில்தான். திரையில் 60 காட்டும், கைக்கு 30-தான் தெரியும். குறுமடை அதே இடத்தில் இருக்கிறது என்று சொல்ல இந்தச் சொல் தடுமாறவில்லை என்றே நினைக்கிறேன்.

பி580-ல் நீங்கள் என்னைப் பிடித்துவிட்டீர்கள். யோசித்துப் பார்த்தேன். செயலிமடை என்பது இடத்தின் பெயர், குற்றவாளியின் பெயர் இல்லை. மேட்டுக் கழனிக்காரர் பாதித் தண்ணீரைத் திருப்பிக்கொண்டாலும் வாய்க்கால் வறள்வது மடைக்குக் கீழேதான். தம்பி கட்டுரையில் ‘அட்டையின் டிரைவரால் ஏற்பட்ட செயலிமடை’ என்று நீட்டி எழுதட்டும். நீளம்தான், ஆனால் ஜோடி பார்த்து வாங்கு என்று எதற்குச் சொல்கிறோம் என்பது அந்த நீளத்தில்தான் இருக்கிறது.

துருசுக்கு என்னிடம் பதில் இல்லை. ‘குறுந்துருசு’ நாக்கில் சுளுக்கிக்கொள்கிறது. கட்டுரை இரண்டு நாட்டுக்கும் போகிறது என்றால் முதல் பத்தியில் துருசு என்ற சொல்லையும் ஒரு வரியில் சேர்த்துவிடலாம், பொங்கல் குழப்பம் வராது. அம்மாவிடம் ஒருமுறை படித்துக் காட்டிவிட்டுச் சொல்லுங்கள்.

தாமதத்துக்குக் காரணம், நடுவில் செயலியை மாற்றினோம். ரைசன் 7 5800எக்ஸ்3டி, 2022-ல் வந்தது. இதே குடும்பத்து 5800எக்ஸைவிடக் கடிகார வேகம் குறைவு. ஆனால் செயலிக்குள்ளேயே இருக்கிற சின்ன நினைவகமான எல்3 கேஷ் 32 எம்பிக்குப் பதில் 96 எம்பி. கேட்ட தரவு பக்கத்திலேயே கிடைப்பதால் நினைவகத்துக்கு ஓடிக் காத்திருக்கிற நேரம் மிச்சம், விளையாட்டில் அதுதான் எடுபடுகிறது. பழைய டிடிஆர்4 ராமை அப்படியே வைத்துக்கொண்டோம், மதர்போர்டு மட்டும் புதிது. 1440-ல் அதே மீனம்பாக்கம், அதே சுற்று. 30 நாற்பதுகளுக்கு ஏறிவிட்டது. சந்தோஷமாகத் திரை ஓரத்துப் பெட்டியைப் பார்த்தால் ‘லிமிட்டட் பை ஜிபியு’. இந்த இழையை மகனும் படித்துக்கொண்டிருக்கிறான் என்பது அப்போதுதான் தெரிந்தது. “அட்டைமடைப்பா” என்றான், முகத்தை ரொம்பச் சாதாரணமாக வைத்துக்கொண்டு.